மூன்று வரியில் ஒரு சம்மதம்

செவிலி வந்து உருச்சொல்லிக் கருவியின் பொத்தானை அழுத்தியதும் மங்கையர்க்கரசி குழாயை நினைக்கத் தொடங்கினாள். குளியலறைக் குழாய். அதன் மூக்கில் திரளும் சொட்டு. கீழே வாளி. வேறு எதுவும் குறுக்கே வந்துவிடாமல் அந்த மூன்றையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே கிடந்தாள்.

மூளைத்தண்டில் விழுந்த ஒரே ஓர் அடைப்பு அவளைத் தலைமுதல் கால்வரை கட்டிப் போட்டிருந்தது. விரல் அசையாது. நாக்கு அசையாது. விழியும் இமையும்கூட அசையாததால் செவிலிதான் மருந்துச் சொட்டு விட்டு மூடித் திறப்பாள். காது மட்டும் முன்னைவிடக் கூர்மையாகக் கேட்டது. வலி தெரிந்தது. கொசு கடித்தால் தெரிந்தது. நினைப்பில் ஒரு குறையும் இல்லை.

கோவையில் அந்த மறுவாழ்வு மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் அவள் தலைக்குள் உருச்சொல்லியின் வலையைப் பதித்தார்கள். கருவியை உருவாக்கிய பொறியாளர் ரெஜினா, மங்கையின் கணவன் தனபாலனை உட்காரவைத்து விளக்கியதெல்லாம் மங்கையின் காதிலும் விழுந்தது.

"நாம பார்த்த பொருளெல்லாம் மூளையில ஒரு இடத்துல பதிஞ்சிருக்கும் சார். பானையை நினைச்சா பானைக்கான இடம் லேசா மினுங்கும். வலை அதைப் பிடிக்கும். ரொம்ப மெல்லிசான மினுக்கம். அதனால காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் சேர்த்து வச்சு, எது எது அதிகமா மினுங்குச்சோ அதை மட்டும் எடுத்து, கருவியே வேற்றுமை உருபு போட்டுக் கோத்து மூணு வரியா எழுதும்."

"அப்ப தண்ணி வேணும்னா வேணும்னு சொல்லிருவாங்களா?"

"தண்ணின்னு வரும். வேணும்னு வராது. வேணும், வேண்டாம், நான், இல்லை, ஆமா… இதுக்கெல்லாம் உருவம் இல்லையே சார். வலைக்குத் தெரியாது."

"ஏனுங்க மூணே வரி?"

ரெஜினா சிரித்துவிட்டாள். "திரை அவ்வளவுதான் சார். சின்னதா வாங்கிட்டோம்."

தனபாலன் காந்திபுரத்தில் பம்ப்செட்டும் குழாயும் விற்கிறவன். எதற்கும் ஒரு வழி இருக்கும் என்று நம்புகிறவன். முதல் வாரமே மனைவியின் காதருகே குனிந்து ஓர் ஏற்பாடு சொன்னான். "கண்ணு, ஆமான்னா ஆனையை நினை. இல்லீன்னா எலுமிச்சம்பழத்தை நினை. சரியா? உனக்கு வலிக்குதா?" மத்தியானம் திரையில் வந்தது: யானை, எலுமிச்சம்பழம், யானை. மறுநாளும் அப்படித்தான். குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடி என்ற கதையாகிவிட்டது. யானையை நினைக்கக்கூடாது என்று நினைக்கும்போதே யானை வந்து நின்றது. ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தார்கள். கேள்வி கேட்டவுடனேயே அதுவும் தானாக வந்து நின்றது. கருவிக்கு எல்லாம் ஒன்றுதான். கேட்கும் நேரத்தில் வந்ததா, பதிலாக வந்ததா என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது.

மங்கைக்கு ஆத்திரமாக வந்தது. மின்வாரியப் புகார் மையத்தில் தொலைபேசி எடுத்தே காலம் தள்ளியவள் அவள். கரண்ட் போன கதையை அழைப்பவர் அந்தக்காலத்திலிருந்து ஆரம்பித்தால், "கதையெல்லாம் வேண்டாங்க, கம்ப நம்பரைச் சொல்லுங்க" என்று வெட்டுவாள். சுருக்கமாக, நேராகப் பேசுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பெயர். இப்போது அவளுக்கு மிஞ்சியது பொருள்கள் மட்டும்.

அன்று மத்தியானம் திரை எழுதியது:

குழாயில் சொட்டு
வாளிக்குள்
இருட்டு

இருட்டை அவள் நினைக்கவில்லை. வாளியை நினைத்தபோது கூடவே வந்திருக்கும். தனபாலன் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தான். பிறகு எழுந்து குளியலறைக்குப் போனான். "அட, குழாய் வாசர் போயிருச்சு. இதா இத்தனை நாளா தூங்கவிடாம பண்ணுச்சு?" என்றது கேட்டது. கடையிலிருந்து புது வாசர் வரவழைத்து மாற்றினான். சத்தம் நின்றது. அந்த அமைதியில் மங்கை அழுதாள். கண்ணீர் மட்டும் அவள் கட்டுப்பாட்டில் இல்லாமலே வரும்; செவிலி துடைத்துவிட்டாள்.

தனபாலனுக்குத் தலைகால் புரியவில்லை. வராந்தாவில் கண்டவரிடமெல்லாம் சொன்னான். அப்படித்தான் அமுதவாணன் வந்து சேர்ந்தார்.

அமுதவாணன் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். மூன்று வரி ஹைக்கூவான துளிப்பாவுக்கென்றே ஒரு சிற்றிதழ் நடத்தினார். தோள்வலிக்குப் பயிற்சி எடுக்க அந்த மருத்துவமனைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். தனபாலன் பெருமையாக வரிகளைச் சொன்னதும் பேசாமல் அவன் பின்னாலேயே அறைக்குள் வந்தார். திரையின்முன் வெகுநேரம் நின்றார். அவர் மூச்சுவிடும் ஓசை மட்டும் மங்கைக்குக் கேட்டது.

"சொட்டு வெளியில. இருட்டு உள்ளே," என்றார் மெல்ல. "நடுவுல ஒரு வாளி. ரெண்டாவது வரியோட சட்டுனு நிறுத்திட்டாங்க பாருங்க. வாளிக்குள்ள தண்ணிதான் இருக்கும்னு நாம காத்திருக்கோம், கைக்கு இருட்டு கிடைக்குது. எதையுமே விளக்கலை. காட்டிட்டு விலகிட்டாங்க. இதைக் கத்துக்கத்தானே நாங்கள்லாம் ஆயுசு பூரா தவிக்கிறோம்."

"வாசர் போயிருந்துச்சுங்க. மாத்திட்டனுங்க," என்றான் தனபாலன்.

"அதுவும் ஒரு வாசிப்புதான்," என்று சிரித்தார் அமுதவாணன்.

மங்கைக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவர் மறுபடி வரமாட்டாரா என்று இருந்தது. ஏனென்றால் இத்தனை மாதங்களில் அறைக்கு வந்த எல்லோரும் அவளைப் புரட்டினார்கள், துடைத்தார்கள், அளந்தார்கள். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு வாயடைத்து நின்றவர் இவர் ஒருவர்தான்.

அவர் மறுபடி வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களையும் கூட்டிவந்தார். அவளுடைய வரிகள் இதழில் வந்தன, பிறகு எங்கெங்கோ வந்தன. மங்கையும் சும்மா இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சில நாள் காலைகளில் அவர்களுக்காகவே நல்ல பொருள்களாகத் தேடினாள். ஒரு நாள் இப்படி வந்தது:

சன்னல் கம்பியில் காக்கை
அலகில்
நரைமுடி

"தலையில இருந்து உதிர்ந்தது குஞ்சுக்கு மெத்தையாகப் போகுது," என்றார் அமுதவாணன். மங்கை அப்படி நினைத்திருக்கவே இல்லை. அவர் சொன்ன பிறகு அன்று முழுவதும் அந்தக் கூட்டுக்குள்ளேயே சுருண்டு கிடந்தாள். இப்படியும் பேசலாம்போல என்று அவளுக்குத் தோன்றிய நாள் அது.

அந்த மயக்கம் அதிக நாள் நீடிக்கவில்லை. இடது இடுப்புக்குக் கீழே ஓர் எரிச்சல் ஆரம்பித்தது. முதலில் ஊறல்போல இருந்தது, பிறகு தணலை வைத்து அழுத்துவதுபோல ஆனது. மங்கை மற்றதையெல்லாம் விலக்கிவிட்டு அதை மட்டும் சொல்ல முனைந்தாள். வலிக்கு உருவம் இல்லை. அதனால் வலியைப் போன்ற பொருளைத் தேடினாள்.

பஞ்சு மெத்தை
அடியில்
எரியும் விறகு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அதைக் கொண்டாடியது. பஞ்சும் நெருப்பும் பக்கத்தில் பக்கத்தில் என்று ஒருவர் நெகிழ்ந்தார். இல்லறத்தையே மூன்று வரியில் அடக்கிவிட்டார் என்றார் இன்னொருவர். தனபாலன் முதலில், "மெத்தை ஏதாச்சும் சூடா இருக்குதுங்களா?" என்று தொட்டுப் பார்த்தான். மெத்தை சில்லென்று இருந்தது. அமுதவாணன் அவன் தோளில் கைவைத்து, "மெத்தைக்குள்ள தேடாதீங்க. வரிகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியில பாருங்க," என்றார். தனபாலனும் பார்த்தான். அவனுக்கும் ஏதோ தெரிந்தது. அன்று மாலை மனைவியின் நெற்றியை வெகுநேரம் தடவிக்கொடுத்தான்.

மங்கை மறுநாளும் அதையே சொன்னாள். விறகு, தணல், முள், மெத்தை. அடுத்த நாளும் சொன்னாள். அவை நெருப்புக் கவிதைகள் என்ற தலைப்பில் தனித்தொகுப்பாயின.

படுக்கைப்புண் சீழ் வைத்து வாடை வந்த பிறகுதான் புதிதாக வந்த ஒரு செவிலி அவளை நன்றாகப் புரட்டிப் பார்த்தாள். எலும்புவரை போயிருந்தது. வெட்டி எடுத்தார்கள். தனபாலன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதது மங்கைக்குக் கேட்டது. "அவ கத்துனா, நான் கைதட்டுனேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அமுதவாணன் அன்று வாசலோடு நின்றுவிட்டுப் போனார்.

அதன்பிறகு தனபாலன் எல்லா வரியையும் புகாராகவே படித்தான். மங்கை ஒரு நாள் வேலைக்குப் போய்வந்த பேருந்தை, அதன் கண்ணாடியில் வழிந்த மழையை, நினைவுக்கு இதமாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தாள். "மழை" என்று திரையில் கண்டதும் அவளுக்குக் குளிர்கிறதென்று மூன்று கம்பளி போர்த்தினான். அவள் வியர்த்துத் தவித்தாள். இன்னொரு நாள் தையற்கடை நினைவு வந்தது. துணி, கத்திரி, ஊசி. கையில் ஏற்றியிருந்த ஊசிதான் வலிக்கிறதென்று சண்டைபோட்டு அதைப் பிடுங்கவைத்து வேறு இடத்தில் குத்தவைத்தான். அந்த நரம்பு உடைந்து கை வீங்கியது. மருந்து ஏறாமல் காய்ச்சல் கண்டு ஒரு வாரம் கிடந்தாள்.

காய்ச்சல் விட்ட அன்று தனபாலன் அமுதவாணனுக்குத் தொலைபேசியில் சொன்னான்: "எனக்கு வேண்டாஞ் சாமி. நான் படிச்சாலும் தப்பாகுது, படிக்காட்டியும் தப்பாகுது. நீங்களே வந்து என்னன்னு சொல்லுங்க."

அவர் வந்தார். அன்றுமுதல் அவர் சொன்னதுதான் அவள் சொன்னது.

அப்போதுதான் ரெஜினா புதுக் கருவியோடு வந்தாள். வினைச்சொல்லி என்று பெயர். பேச நினைக்கும்போது மூளை வாய்க்கு இடும் அசைவுக் கட்டளையை அதன் வலை படிக்கும். வேணும் என்று நினைத்தால் வேணும் என்றே ஒலிக்கும். போ, வா, வேண்டாம், ஆமாம் எல்லாம் வரும். ஆனால் பழைய வலையை எடுத்துவிட்டுத்தான் இதைப் பதிக்க முடியும். மண்டையை மறுபடி திறக்க வேண்டும். பழைய வலையைச் சுற்றி மூளையில் தழும்பு முற்றிவருகிறது; முழுதும் முற்றிவிட்டால் புதியதைப் பதிக்க வழியில்லை என்பதால் தள்ளிப்போடவும் முடியாது.

மங்கையின் நெஞ்சு அடித்துக்கொண்டதில் மேலே இருந்த இதயத்துடிப்பு அளவி கீச்சிட்டது. செவிலி ஓடிவந்து பார்த்தாள்.

"உடனே பண்ணுங்க. எங்க கையெழுத்துப் போடோணும்?" என்றான் தனபாலன்.

"நீங்க போட முடியாது சார்," என்றாள் ரெஜினா. அவளுக்கே சொல்லக் கூச்சமாக இருந்தது. "பேச முடியாத நோயாளின்னா குடும்பத்துல ஒருத்தர் சம்மதம் போதும். பக்கத்து அறை மயில்சாமி அண்ணனுக்கு அவர் சம்சாரம் போட்டாங்க. ஆனா மேடத்துக்குப் பேச்சுக்கருவி இருக்கு. இதழ்ல எல்லாம் எழுதுறாங்க. சட்டப்படி அவங்க பேசக்கூடியவங்க. அவங்களேதான் சொல்லணும்."

"அப்ப மொதல்ல இந்தப் பழசைக் கழட்டிருங்க."

"கழட்டுறதுக்கும் அவங்கதான் சொல்லணும் சார்."

மறுநாள் காலை முழுவதும் மங்கை கதவை நினைத்தாள். வேலையிலிருந்து திரும்பித் தள்ளித் திறக்கும் தன் வீட்டுக் கதவு. கழன்று விழும் தாழ்ப்பாள். அப்புறம் வெளியே, கண் கூசும் வெயில். போகிறேன், போகிறேன், போகிறேன் என்று அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. மத்தியானம் வந்தது:

திறந்த கதவு
தரையில் தாழ்ப்பாள்
வெளியே வெயில்

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும் என்று மங்கை நிம்மதியாகக் கிடந்தாள். மருத்துவமனையின் சம்மதக் குழுவினர் வந்து பார்த்தார்கள். கவிதை அவர்களுக்குப் பழக்கமில்லை. அமுதவாணனிடம் கேட்டார்கள்.

அவர் நிதானமாகத்தான் சொன்னார். எந்தக் கெட்ட எண்ணமும் அவரிடம் இல்லை. "கதவு ஏற்கனவே திறந்துதான் இருக்கு. தாழ்ப்பாள் விழுந்தாச்சு. போகணும்னா எப்பவோ போயிருக்கலாம். வெயில் வெளியே காயுது, அவங்க உள்ளே நிழல்ல இருக்காங்க. என்னை யாரும் விடுவிக்க வேண்டியதில்லைன்னு சொல்றாங்க." திரையைத் தொட்டுக் காட்டினார். "இந்த மௌனத்தையே அவங்க தேர்ந்தெடுத்திருக்காங்க."

மங்கை உள்ளே கத்தினாள். அளவி மறுபடி கீச்சிட்டது. உணர்ச்சிவசப்படுகிறார் என்று மெதுவாகப் பேசச் சொன்னார்கள்.

"அப்படீங்களா," என்றான் தனபாலன். வேறொன்றும் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. குழு மறுப்பு என்று பதிந்துகொண்டு போயிற்று.

பக்கத்து அறையில் மயில்சாமிக்கு வினைச்சொல்லி பேசத் தொடங்கியிருந்தது. லாரி ஓட்டியவர். முதல் நாளே, "பசிக்குது," "ஃபேனைக் கொறைங்க," "அந்த டிவியை அமத்துங்க, மண்டை காயுது" என்று நாள் முழுவதும் அதட்டல்தான். சுவர் வழியே கேட்ட அந்தச் சாதாரணச் சொற்களை மங்கை மனதுக்குள் ஒவ்வொன்றாகச் சப்புக்கொட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தவர்கள் வராந்தாவில் நின்று திறந்த கதவு வரிகளை ராகம்போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மயில்சாமியின் கருவி சத்தமாகக் குறுக்கிட்டது.

"ஏனுங்க, அந்தம்மா கதவைத் தொறந்துபோட்டு வெளிய வெயிலைக் காட்டுது. கூட்டிட்டுப் போங்கடான்னு சொல்லுது. இதுல என்னத்தைப் பாட்டுப் படிச்சிட்டு நிக்கறீங்க?"

சற்றுக் கழித்து அமுதவாணன் அறைக்குள் வந்து, மங்கையின் முகத்துக்கு நேரே குனிந்தார். அவர் கண்களை இவ்வளவு அருகில் அவள் பார்த்ததில்லை. "அம்மா, தப்பா சொல்லிட்டேனா?" என்றார். பதில் சொல்ல அவளிடம் என்ன இருக்கிறது? கண்ணீர் வந்தது. அது தினமும் வருவதுதான்.

அவர் அன்றே குழுவிடம் போனார். தான் படித்தது பிழை என்று மன்றாடினார். ரெஜினாதான் வந்து முடிவைச் சொன்னாள். "நல்ல துளிப்பாவுக்கு வாசகர் எத்தனை பேரோ அத்தனை பொருள்னு நீங்களே அந்தத் தொகுப்போட முன்னுரையில எழுதியிருக்கீங்களாம் சார். லாரி டிரைவர் சொல்றதும் ஒரு வாசிப்பு, நீங்க முன்னாடி சொன்னதும் ஒரு வாசிப்புங்கிறாங்க. யார் படிச்சாலும் ஒரே பொருள் வர்ற மாதிரி மேடம் ஒரு தடவை சொல்லட்டும், உடனே செய்யறோம்னு டாக்டர் வசுந்தரா சொல்லிட்டாங்க. அவங்கதான் குழுத் தலைவர், அறுவை செய்யறதும் அவங்கதான்."

யார் படித்தாலும் ஒரே பொருள். மங்கை தினமும் முயன்றாள். பேசும் வாயை நினைத்தாள், பசி என்றார்கள். மயில்சாமியின் கருவியை நினைத்தாள். இரைச்சலைக் குறைசொல்கிறாள் என்றார்கள். அறுவைக் கத்தியை நினைத்தாள், பயப்படுகிறாள் என்றார்கள். பார்க்கிற பொருள் எதுவும் ஒரு பக்கம் மட்டும் கொண்டதாக இல்லை. தழும்பு முற்றிக்கொண்டே வருகிறதென்று ரெஜினா கவலைப்பட்டாள்.

கடைசியில் மங்கைக்கு அது நினைவுக்கு வந்தது. தன் வாழ்க்கையில் வாயே திறக்காமல் சம்மதம் சொன்ன நாள். தனபாலன் வீட்டார் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பிடிச்சிருக்கா என்று அத்தை கேட்டாள். அவள் தலையைக் குனிந்தாள், அவ்வளவுதான். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கே மாலை மாற்றினார்கள். வாசல் கொள்ளாமல் செருப்புகள் கிடந்தன. அந்த நாளை அவள் காலை முழுவதும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

டாக்டர் வசுந்தராவே அன்று நேரில் வந்திருந்தார். அமுதவாணன், ரெஜினா, தனபாலன் எல்லோரும் திரையைப் பார்த்து நின்றார்கள்.

குனிந்த தலை
கழுத்தில் மாலை
வாசலில் செருப்புகள்

தனபாலன் ஒரு சத்தம் போட்டான். "எங்க நிச்சயமுங்க இது! பொண்ணு பார்க்கப் போனப்ப இவ இப்படித்தானுங்க தலையைக் குனிஞ்சா. அதுதானுங்க சம்மதம்! ஆமான்னு சொல்றாளுங்க!" அவன் அழுதுகொண்டே கட்டிலைப் பிடித்தான். "எனக்குத் தெரியுமுங்க. இது எனக்கு மட்டும் சத்தியமாத் தெரியுமுங்க."

கேட்டுவிட்டான். அவனுக்குக் கேட்டுவிட்டது. மங்கை வசுந்தராவின் குரலுக்காகக் காத்திருந்தாள்.

வசுந்தரா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சார், கோவிச்சுக்காதீங்க," என்றார் தாழ்ந்த குரலில். "சாஞ்சு கிடக்கிற தலை. கழுத்துல மாலை. வாசல் பூரா செருப்பு. போன மாசம் எங்க அப்பா போனப்ப எங்க வீடும் இப்படித்தான் இருந்தது."

வசுந்தரா அமுதவாணனிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

"கல்யாணம்தான்," என்றார் அமுதவாணன்.

"வேற எதுவுமே தோணலையா உங்களுக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் ஆயுள் முழுவதும் பழக்கிய கண் அவளுக்காகக்கூட ஒரு பக்கத்தை மூடிக்கொள்ள மறுத்தது.

"சாவைப் பத்தி நினைக்கிறாங்களோன்னு எனக்குச் சந்தேகம் வந்துட்டா நான் கத்தி வைக்க முடியாது சார்," என்றார் வசுந்தரா. "மனநல மருத்துவர் வந்து பார்க்கட்டும். அவங்ககிட்ட இவங்க பேசட்டும். அதுவரைக்கும் இந்தக் கருவியே இருக்கட்டும்." போகும் முன் மங்கையின் தோளைப் பரிவோடு தொட்டார். ரெஜினா தான் கொண்டுவந்திருந்த மூளை வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு அவர் பின்னால் போனாள். தழும்பைப் பற்றி அவள் ஏதோ சொல்வதும் வசுந்தரா பெருமூச்சு விடுவதும் வராந்தாவில் தேய்ந்து மறைந்தன.

வாசலில் காத்திருந்த இரண்டு வாசகர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி திரையைப் படித்துவிட்டுக் கையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஐயோ, எப்படி எழுதியிருக்காங்க," என்றாள். அமுதவாணன் திரும்பிப் பார்க்காமல் அவர்களைக் கடந்து வெளியே நடந்தார்.

தனபாலன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். அந்தச் சூடு அவளுக்குத் தெரிந்தது.

"சம்மதம்னுதானே கண்ணு சொன்னே?" என்றான்.

ஆமாம், என்றாள் மங்கை. ஆமாம், ஆமாம், ஆமாம். சொல்லச் சொல்ல அதற்கு ஓர் உருவம் வந்துவிடாதா என்று பார்த்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.